செம்புமூஞ்சி ஏன் கெட்டவனானான்

மாடிப்படி ஏறினால் முட்டி சத்தம் போடுகிறது, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதையே தேடுகிறோம் என்ற வயதுக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களுக்குத்தான் அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை எப்படி இருந்தது என்று தெரியும். தெருவுக்கு ஒரு டிவி. அதற்கு இரண்டு பக்கமும் தள்ளுகிற மரக்கதவு. கதவைத் தள்ளினால் கறுப்பு வெள்ளையில் ஏதோ ஓடும். ஓடுவது நமக்குப் புரிய வேண்டும் என்று அனுப்பியவர்களும் நினைக்கவில்லை, நாமும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் இந்தியில் பேசினார்கள், நாம் தமிழில் சிரித்தோம். அவ்வளவுதான் ஏற்பாடு.

என் மகள் தஞ்சாவூரில் கல்லூரியில் படிக்கிறாள். படிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஃபோனில் ஜப்பான்காரர்களின் கடற்கொள்ளைக் கதை பார்க்கிறாள். போன மாதம் ஒரு நாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏதோ ஒரு கப்பல் தலைவன் ஏன் கெட்டவனானான் என்று விளக்க ஆரம்பித்தாள். அவனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டாம். அதைப் பார்த்தால் அழாமல் இருக்க முடியாதாம். எனக்குச் சலிப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எனக்கு எதைக் கேட்டாலும் சலிப்புதான். "எங்க காலத்துலயும் ஒருத்தன் இருந்தான்டீ, செம்புமூஞ்சின்னு" என்றேன். அவள் நம்பவில்லை. அப்போது கப்பல் கார்ட்டூன் எல்லாம் ஏது என்றாள். அவளுக்காக அந்தக் கதையைச் சொல்லப் போய்த்தான், இத்தனை வருடம் மூடிக் கிடந்த ஒன்று திறந்துகொண்டது.

எங்கள் ஊர் வெண்ணாற்றுக் கரையில் இருக்கிறது. மாமா என்று நான் சொல்வது அம்மாவின் ஒரே தம்பியை. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி வந்தபோது கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒரு முறை யாரிடமும் சொல்லாமல் பம்பாய்க்கு ரயிலேறிப் போய், இரண்டு வருடம் கழித்து, காலடியில் பாவாடை மாதிரி விரிந்த ஒரு பேண்ட்டோடு திரும்பி வந்தார். ஊரில் அந்தப் பேண்ட்டுக்கு இருந்த மரியாதை அவருக்கு இல்லை. யாரையோ பிடித்து அப்பா அவருக்குப் பெரிய வாய்க்கால் ஷட்டரில் லஸ்கர் வேலை வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் வேண்டும்போது ஷட்டரை இறக்குவதும், மிஞ்சும்போது ஏற்றி வடிகாலில் விடுவதும்தான் வேலை. ஷட்டரைத் திருகுகிற இரும்புப் பிடி எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். கிரீஸ் நாற்றத்தோடு, நான் தூக்க முடியாத கனத்தில். இப்போது அது எந்தப் பழைய இரும்புக் கடையில் உருகிப் போனதோ.

அந்த வருடம் ஐப்பசி மழை விடவே இல்லை. ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. ஊர் ஆண்கள் எல்லோரும் மண் மூட்டைகளோடு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். ஷட்டரில் மாமா மட்டும். மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் மளமளவென்று ஏறியது. ஷட்டரைத் திறக்கச் சொல்லி ஆற்றங்கரையிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்து கத்திவிட்டுத் திரும்பிப் போனாராம். ஷட்டர் திறக்கவில்லை. போக இடமில்லாத தண்ணீர் எங்கள் பக்கத்துக் கரையை உடைத்துக்கொண்டு, நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சம்பா வயல்களுக்குள் இறங்கியது. தண்ணீர் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை, வடிந்துவிடும். உடைப்பில் வருவது மணல். எங்கள் தெருவின் வயலெல்லாம் ஒரே மத்தியானத்தில் மணல்மேடாகிவிட்டது.

எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. உடைப்பை நான் பார்க்கவில்லை. அந்த நாளில் எனக்கு நினைவிருப்பதெல்லாம் வீட்டுக்குள் நடந்ததுதான். ஈரச் சாக்கின் வாடை. எரியாமல் புகைந்த விறகு. கொல்லையில் மழையில் நனைந்தபடி அம்மா அண்ணனின் காக்கி டவுசரைக் கல்லில் அடித்துத் துவைத்தது. மழையில் எதற்குத் துவைக்கிறாய் என்று கேட்டேன். உள்ளே போ என்று விரட்டினாள். பிறகு அடுப்புக்கு மேலே கயிறு கட்டி அதைக் காயப்போட்டாள். அன்று ரசத்தில்கூட சேற்று வாடை அடித்தது. அண்ணன் காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். சாயங்காலம் நாலு பேர் மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். கழுத்து வரைக்கும் சேறு. குடித்துவிட்டுத் தூங்கி, வாய்க்காலில் விழுந்திருக்கிறான் என்றார்கள். பம்பாயில் பழகினது எங்கே போகும் என்றார்கள். மாமா இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாமா எங்கள் வீட்டில் இருந்தும் இல்லாதவர் ஆனார். வேலை போய்விட்டது. அப்பா அவரோடு பேசுவதை நிறுத்தினார். பார்த்து வைத்திருந்த பெண் வீட்டார், வேறு இடம் முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா அவருடைய தட்டைக் கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி வருவாள். பகலெல்லாம் அவர் வயலில் போய்க் கூடை கூடையாக மணல் அள்ளிக் கரையில் கொட்டுவார். யாருடைய வயல் என்று பார்க்க மாட்டார். அவர் வந்தால் மற்றவர்கள் வேறு பக்கம் நகர்ந்துவிடுவார்கள். அக்கா வீட்டில் தனக்கு இன்னும் இடமிருக்கிறதா இல்லையா என்பது தெரியாமலேயே அந்த மனிதர் அந்த மழைக்காலத்தைக் கழித்தார். இதெல்லாம் எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது. அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் வேறு. அன்றைக்கு மாமா இல்லாமல் எங்களுக்கு ஆகாது. தெருவிலேயே இந்தி தெரிந்தவர் அவர் ஒருவர்தானே. தெருவுக்கே ஒன்றாக இருந்த அந்த டிவி எங்கள் வீட்டில்தான் இருந்தது, அதற்கு முன்னால் தெருப் பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்திருப்போம். மாமா கதவோரம் குந்திக்கொண்டு, அவர்கள் ஒரு வரி பேசி முடித்ததும் தமிழில் சொல்வார். வில்லனுக்கு ஒரு குரல், கதாநாயகப் பையனுக்கு ஒரு குரல், கப்பல் கிளிக்கு ஒரு குரல். வாரம் முழுக்கப் பேசாத மனிதர் அந்த அரை மணி நேரத்தில் அவ்வளவு பேசினார். ஊர் அவரை ஒதுக்கியதே தவிர, பிள்ளைகளை அந்தக் கதவோரத்திலிருந்து ஒதுக்க யாராலும் முடியவில்லை.

செம்புமூஞ்சி என்பது நாங்கள் வைத்த பெயர். அந்தக் கப்பல் தலைவன் பாதி முகத்தை ஒரு தகட்டால் மூடியிருப்பான். கறுப்பு வெள்ளை டிவியில் அது செம்பு என்று எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். மாமா சொன்னார், அதனால் செம்பு. தீவு தீவாகப் போய்க் கொள்ளையடிப்பான். சங்கிலி போட்டுத் துறைமுகத்தை மறிப்பான். தலையில் துணி கட்டிய பையன் ஒருவன் அவனைத் துரத்திக்கொண்டே போவான். நாங்கள் செம்புமூஞ்சியைக் கண்டால் மண்ணை வாரித் தூற்றுவோம். வீட்டுக்குள் மண் ஏது என்று கேட்க வேண்டாம். அந்த வருடம் எல்லா வீட்டுக்குள்ளும் மணல்தான்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. அன்றைக்குச் சண்டை எதுவும் வரவில்லை. செம்புமூஞ்சி மழையில் கப்பல் முனையில் தனியாக நின்று நெடுநேரம் பேசினான். பிறகு படம் மாறியது. பழைய ஊர் ஒன்று. கடலுக்கும் ஊருக்கும் நடுவே மலை உயரத்துக்கு ஒரு கதவு. அதைத் திறந்து மூடுகிற பெரிய சக்கரம். சக்கரத்தின் பக்கத்தில், முகம் மூடாத இளவயது செம்புமூஞ்சி. ஒரு சின்னப் பையனின் முகம் வந்து போனது. அப்புறம் அலை, ஊர் முழுகியது. அவன் வாயை அகலத் திறந்து தலையை அண்ணாந்தான்.

மாமா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் அவர் முழங்காலை உலுக்கினான். அப்புறம்தான் மெதுவாக ஆரம்பித்தார். செம்புமூஞ்சி முதலில் கொள்ளைக்காரன் இல்லையாம், அந்த ஊரின் கதவுக்காரனாம். ஒரு நாள் கடல் பொங்கியதாம். இந்தக் கதவைத் திறந்து தண்ணீரை வேறு பக்கம் விடு என்று ராஜா சொல்லி அனுப்பினாராம். சக்கரத்தில் கை வைத்தபோதுதான், கதவுக்கு அடியில் ஒரு பிள்ளை இருப்பது அவனுக்குத் தெரிந்ததாம். விளையாட வந்த பிள்ளை. திறந்தால் பிள்ளை போய்விடும், திறக்காவிட்டால் ஊர் போய்விடும். அவன் கையை எடுத்துவிட்டு, பிள்ளையைத் தூக்க இறங்கினானாம். அவன் ஏறி வருவதற்குள் ஊர் போய்விட்டதாம்.

எங்களில் ஒருவன், செம்புமூஞ்சி சிரிக்கிறானே என்றான்.

"சிரிக்கல. அழுவுறான்" என்றார் மாமா. "சில பேரு அழுதா அப்படித்தான் இருக்கும்."

அப்படியானால் பிள்ளைக்காகத்தான் திறக்கவில்லை என்று அவன் ஊரில் சொல்லியிருக்கலாமே என்று நான்தான் கேட்டேன்.

"சொன்னா, எந்தப் பிள்ளைன்னு கேப்பாங்களே பாப்பா" என்றார். "ஊரே முழுகினதுக்கு அந்தப் பிள்ளைதான் காரணம்னு ஆயிடும். அது வளந்து கெழவனானாலும் விட மாட்டாங்க. அதுக்கு இவன் கெட்டவனாவே இருந்துட்டுப் போலாம்."

அண்ணன் அப்போது எழுந்து வெளியே போனான். அவன் பெரியவனாகிக்கொண்டிருந்தான், கார்ட்டூன் அலுத்துவிட்டது என்று நினைத்தேன். சமையலறை வாசலில் அம்மா கையில் கரண்டியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. படம் முடியவில்லை. அவள் வந்து டிவியின் மரக்கதவை இழுத்துச் சாத்தினாள். "போதும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றாள். அடுப்பில் சாதம் அடிப்பிடித்த வாசனை வந்தது. அந்தக் கோபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மத்தியானம் மாமாவின் தட்டை வைக்கப் போனவள், பொங்கலுக்கு முன்னால் எங்கேயாவது கிளம்பிவிடு என்று சொன்னது எனக்குக் கேட்டது. மாமா சரி என்றார். சோற்றை மீதி வைக்காமல் தின்றார்.

பொங்கலுக்கு ரேஷன் அரிசியைப் பொங்கினோம். அதில் வாசனையே இல்லை. மாமா பேராவூரணிப் பக்கம் ஒரு தேங்காய் மண்டிக்குப் போய்விட்டார் என்றார்கள். அந்தப் பம்பாய் பேண்ட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மா அதைக் கிழித்துக் கரித்துணி ஆக்கினாள். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுப்படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர் மண்டபத்து வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுப் போனார். அப்பா சாவுக்குச் சுடுகாட்டோடு சரி. யாராவது கேட்டால், என் தம்பி குடித்துவிட்டு ஊரைக் கெடுத்தவன் என்று அம்மா தன் வாயாலேயே சொல்வாள். ஊர்க்காரர்கள் மறந்த பிறகும் அவள் விடாமல் சொன்னாள்.

இவ்வளவையும் அல்ல, செம்புமூஞ்சியின் கதையை மட்டும்தான் மகளிடம் சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தேட ஆரம்பித்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் விட்டுவைப்பதில்லை. மறுநாள் சாயங்காலம் அந்தக் கார்ட்டூனையே கொண்டுவந்து நீட்டினாள். கீழே தமிழில் எழுத்து ஓடியது. அதே மழை, அதே கதவு, அதே சக்கரம். செம்புமூஞ்சி பேசினான். ஊரில் புதைத்து வைத்திருந்த தங்கத்துக்கு ஆசைப்பட்டதாகச் சொன்னான். ஊர் முழுகினால் யாரும் பங்கு கேட்க மாட்டார்கள் என்று கதவைத் தானே திறந்ததாகச் சொன்னான். அந்தச் சின்னப் பையன் வேறு யாருமில்லை, தங்கத்தைக் கனவு கண்ட சின்ன வயது செம்புமூஞ்சியேதான். வாயைத் திறந்து தலையை அண்ணாந்து அவன் சிரிக்கத்தான் செய்தான்.

மகள், "என்னம்மா, நீ சொன்னது ஒண்ணுகூட இதுல இல்லையே" என்றாள். மாமா சொன்னதை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கதவுக்கு அடியில் ஒரு பிள்ளை. பாதியில் எழுந்து போன அண்ணன். எனக்கு உட்கார வேண்டும் போலிருந்தது, உட்கார்ந்துதான் இருந்தேன்.

அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவான். ஊருக்குப் போனாலும் வாய்க்கால் பக்கம் மட்டும் போக மாட்டான். ஃபோனில் கூப்பிட்டு, மாமா சொன்ன கொள்ளைக்காரன் கதை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஏதோ ரயில் போகிற சத்தம் கேட்டது. 

"ஷட்டருக்கு அடியில விரால் ஏறுதுன்னு போனேன்" என்றான். "மூடியிருக்கற நேரந்தான் உள்ள பூந்து பிடிக்கலாம். எல்லாப் பயலும் செய்யறதுதான். கல் இடுக்குல காலு மாட்டிக்கிச்சு. மாமா திறக்கறதுக்குக் கை வச்சவரு, என் சத்தம் கேட்டு இறங்கி வந்தாரு. காலை எடுக்கறதுக்குள்ள கரை உடைஞ்சிருச்சு. இழுத்து வெளில போட்டுட்டு, வீட்டுக்கு ஓடு, வாயத் திறக்காதன்னாரு. நான் திறக்கல." ஃபோனை வைப்பதற்கு முன்னால், "அம்மாவுக்குத் தெரிய வேணாம்" என்றான்.

அந்த வாரமே பேராவூரணிக்குப் பஸ் ஏறினேன். மாமா மண்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மட்டை உரிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறார். "வா பாப்பா" என்று எழுந்தார். எனக்கே பெண் கட்டிக் கொடுக்கிற வயது வந்துவிட்டது, அவருக்கு நான் இன்னும் பாப்பாதான். இளநீர் வெட்டச் சொன்னார். அண்ணன் சொன்னதை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கார்ட்டூனைத் திரும்பப் பார்த்ததை மட்டும் சொன்னேன். நீங்கள் சொன்னது வேறு, அதில் அவன் பேசியது வேறு என்றேன்.

மாமா சிரித்தார். "எனக்கு எங்க பாப்பா இந்தி தெரியும்? பம்பாய்ல இட்லிக் கடையில மாவாட்டிக்கிட்டுக் கெடந்தேன். அங்க சுத்தி எல்லாம் நம்ம ஆளுங்கதான். படத்தப் பாத்து நானா ஏதோ சொன்னேன்."

அப்புறம் இளநீரை என் கையில் கொடுத்துவிட்டு, உண்மையில் அவன் என்னதான் சொல்கிறான் என்று கேட்டார். தங்கத்துக்கு ஆசைப்பட்டு ஊரை முழுகடித்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவன் நெஜமாவே கெட்டவன்தானா?" என்றார். அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அதை நான் பார்த்தேன்.

பஸ் ஏற்றிவிடும்போது அக்கா எப்படி இருக்கு என்று மட்டும் கேட்டார். படுத்த படுக்கைதான் என்றேன். "அவகிட்ட இதெல்லாம் பேசாத. இனிமே தாங்காது" என்றார்.

நானும் பேசக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அம்மா என்னோடுதான் இருக்கிறாள். எங்கே போய் வந்தேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ராகிக் கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. மாமா அன்றைக்குக் குடிக்கவில்லை அம்மா, ஷட்டருக்கு அடியில் அண்ணன் இருந்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பயமாக இருந்தது.

அம்மா கஞ்சியை விழுங்கினாள். துண்டால் வாயைத் துடைக்கச் சொன்னாள்.

"ஷட்டர் கிரீஸ் அப்பியிருந்த அந்த டவுசரத் தொவச்சதே நான்தானடீ" என்றாள்.

கரண்டியைக் கிண்ணத்தில் போட்டேன். அப்படியானால் தெரிந்துகொண்டேதான் மாமாவை வெளியே அனுப்பினாயா என்று கேட்டேன். என் குரல் எழும்பிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

"அவன் இங்க இருந்தா என்னைக்காவது சொல்லிடுவான்" என்றாள். "பிள்ளைங்களுக்குக் கதையா சொல்ல ஆரம்பிச்சுட்டான், பாத்தியா? அவன் ஆம்பள, எங்க போனாலும் பொழச்சுக்குவான்னு நெனச்சேன். ஊரு மண்ணையெல்லாம் என் புள்ள தலையில கொட்டினா, அவன் எங்கடீ போவான்?"

அவள் அழவில்லை. அழுகிற தெம்பும் அவளுக்கு இல்லை. என் கோபமும் அதிக நேரம் நிற்கவில்லை. இந்த வயதில் எதுவுமே அதிக நேரம் நிற்பதில்லை. நான் மீதிக் கஞ்சியை ஊட்டி முடித்துக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தாள், தூங்கிவிட்டாள் என்று விளக்கை அணைக்கப் போனேன்.

"அவன வரச்சொல்லு" என்றாள். "ஒரு தடவ பாத்துடறேன்."

சரி என்று ஃபோனை எடுத்தேன். நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது அம்மா கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்தாள்.

"உங்கண்ணன் லீவுல வர்றதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிடச் சொல்லு."